சுவர் ஏன் வியர்க்கிறது?

கோடை விடுமுறையில் உதகமண்டலத்துக்குச் சுற்றுலா சென்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஏரியில் படகில் போய், தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டு, 'இங்கேயே குடியிருந்தால் எப்படி இருக்கும்!' என்று ஆசைப்பட்டும் இருப்பீர்கள். எனக்கு அந்த ஆசை நிறைவேறியது. சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சை மாவட்டத்திலிருந்து அங்குள்ள ஒரு கல்லூரிக்கு மாற்றலாகி, மனைவியுடனும் எட்டு வயது மகளுடனும் போய்ச் சேர்ந்தேன். ஆனால் நாங்கள் போனது ஜூன் மாதக் கடைசியில். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்ட நேரம் அது.

இரண்டே வாரங்களில் வீட்டின் நிறம் மாறத் தொடங்கியது. காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருக்கும். படுக்கையறையின் மேற்கு மூலையில் சுவரைத் தொட்டால் கை நனையும். பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளிகள். தோல் செருப்பில் பச்சைப் பூசணம். என் புத்தக அட்டைகளில் வெள்ளைப் பூஞ்சை. வீடு முழுவதும் ஒரு மக்கல் வாடை.

"கூரை ஒழுகுகிறது" என்று வீட்டுக்காரப் பெரியவரிடம் சொன்னேன். அவர் அந்த வயதிலும் ஏணி வைத்து ஏறி ஒவ்வோர் ஓட்டையும் பார்த்துவிட்டு இறங்கினார். "ஒழுகல் ஒண்ணும் இல்ல சார். நீங்க வீட்டைப் பெட்டி மாதிரி பூட்டி வெச்சிருக்கீங்க. காலையிலே ஜன்னலைத் திறந்து விடுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே பத்தடி தூரத்தில் இருக்கும் மரம்கூடத் தெரியாத பனிமூட்டம். அந்த ஈரத்தை உள்ளே விட்டால் வீடு எப்படி உலரும்? நான் அதற்கு நேர்மாறான வேலையைச் செய்தேன். செய்தித்தாளைப் பசை தடவி ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் ஒட்டினேன். மகளுக்கு இரவில் இழுப்பு வரத் தொடங்கியிருந்தது. அறை கதகதப்பாக இருக்கட்டும் என்று சந்தையில் ஒரு கரி அடுப்பு வாங்கி வந்து, தணலைப் படுக்கையறையில் வைத்தேன்.

நான்காம் நாள் இரவு இரண்டு மணி இருக்கும். மகளுக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்த என் மனைவி கதவருகே தள்ளாடிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். நல்ல வேளையாக, உட்காரும்போதே கதவைத் திறந்துவிட்டாள். குளிர்காற்று உள்ளே வந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு வெளித் திண்ணைக்கு வந்தபோது எனக்கும் தலை பிளப்பது போல வலித்தது, குமட்டல் வேறு. குளிரினால் வந்தது என்றுதான் அப்போது நினைத்தேன். அது குளிர் அல்ல, கார்பன் மோனாக்சைடு என்று விடிந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. அதற்கு முந்திய வாரம்தான் வகுப்பில் 'பனிநிலை' என்னும் பாடத்தை நடத்தி முடித்திருந்தேன்! கரும்பலகையில் தெரிந்திருந்த இயற்பியல் வீட்டுச் சுவரில் எனக்குத் தெரியவில்லை.

மாணவ நண்பர்களே, அந்தப் பாடத்தை நான் மறுபடியும் படித்த கதைதான் இது.

காற்றில் எவ்வளவு நீர்?

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் நீராவி எப்போதும் கலந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது அளவின்றிச் சேர முடியாது. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை எட்டிய நிலையைத் தெவிட்டிய நிலை என்கிறோம். ஒரு கன மீட்டர் இடத்தில் அதிக அளவாக எவ்வளவு நீராவி இருக்க முடியும் என்பதை இந்தப் பட்டியல் காட்டுகிறது.

10 டிகிரி சென்டிகிரேடில் — 9.4 கிராம்
12 டிகிரியில் — 10.7 கிராம்
15 டிகிரியில் — 12.8 கிராம்
20 டிகிரியில் — 17.3 கிராம்
25 டிகிரியில் — 23.0 கிராம்
30 டிகிரியில் — 30.4 கிராம்

இதைச் சற்று உற்றுப் பாருங்கள். வெப்பநிலை 10-இலிருந்து 30 டிகிரிக்கு உயரும்போது நீராவியின் அளவு மும்மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. இப்போது இதைத் திருப்பிப் படியுங்கள். நீராவி நிறைந்த சூடான காற்றைக் குளிர வைத்தால் என்ன ஆகும்? எல்லை சுருங்கும். எல்லைக்கு மேற்பட்ட நீராவி நீராக மாறித்தான் ஆக வேண்டும். எந்த வெப்பநிலையில் இது தொடங்குகிறதோ அதுவே அந்தக் காற்றின் பனிநிலை.

ஒரு காற்றில் உண்மையில் இருக்கும் நீராவிக்கும், அதே வெப்பநிலையில் இருக்கக்கூடிய அதிக அளவு நீராவிக்கும் உள்ள விகிதத்தை நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்வதே ஒப்பு ஈரப்பதம். வானிலை அறிக்கையில் 'ஈரப்பதம் 80 சதவீதம்' என்று கேட்கிறோமே, அது இதுதான்.

ஒரு டம்ளர் சொன்ன உண்மை

பனிநிலையை அளக்க 1820-இல் ஜான் பிரெடெரிக் டேனியல் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு கருவி அமைத்தார். நமக்கு அந்தக் கருவிகூட வேண்டாம். பளபளப்பான ஓர் எவர்சில்வர் டம்ளரும், ஒரு வெப்பமானியும், சில பனிக்கட்டித் துண்டுகளும் போதும்.

டம்ளரில் பாதியளவு தண்ணீர் ஊற்றுங்கள். பனிக்கட்டியைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். டம்ளரின் வெளிப்புறம் பளபளப்பு மங்கி, மூச்சு விட்டது போல் ஒரு படலம் படியும். அந்தக் கணத்தில் வெப்பமானி காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் அறைக் காற்றின் பனிநிலை. குனிந்து பார்க்கும்போது உங்கள் மூச்சு டம்ளரின் மேல் படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

அந்த இரவுக்குப் பிறகு இந்தச் சோதனையை எங்கள் படுக்கையறையில் செய்தேன். அறையின் வெப்பநிலை 16 டிகிரி. டம்ளர் மங்கியது 14 டிகிரியில். பிறகு வெப்பமானியின் குமிழை மேற்கு மூலைச் சுவரில் வைத்து, மேலே பஞ்சால் மூடிப் பத்து நிமிடம் பிடித்தேன். 13 டிகிரி காட்டியது!

விடை கிடைத்துவிட்டது. காற்றின் பனிநிலை 14, சுவரோ 13. சுவரைத் தொடும் காற்று தன் நீரைச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போகிறது. மழைக்காற்று மேற்கிலிருந்து வந்து அந்தச் சுவரை வெளிப்புறத்தில் குளிரச் செய்துகொண்டிருந்தது. எங்கள் மேற்குச் சுவர் ஒரு பெரிய டம்ளர்! கூரையிலிருந்து ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பெரியவரை வீணாக ஏணியில் ஏற வைத்தேன்.

அந்த நீர் எங்கிருந்து வந்தது?

மழையிலிருந்து அல்ல. எங்களிடமிருந்தே வந்தது.

தூங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரைக் காற்றில் விடுகிறார். எங்கள் மூவரையும் சேர்த்து எட்டு மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 800 கிராமுக்குக் குறையாது. எங்கள் படுக்கையறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். அதாவது 36 கன மீட்டர். 16 டிகிரியில் ஒரு கன மீட்டரில் 13.6 கிராம் நீராவிதான் இருக்க முடியும். ஆகவே அறை முழுவதற்கும் 490 கிராம்தான் எல்லை. அதிலும் இரவு படுக்கப் போகும்போதே 400 கிராம் போல இருந்துவிடும். மீதி இடம் 90 கிராமுக்கு மட்டுமே. இடுக்குகளை எல்லாம் அடைத்துவிட்டுப் படுத்தால், மிச்சமுள்ள 700 கிராம் எங்கே போகும்? கண்ணாடிக்கும் சுவருக்கும் மெத்தைக்கும்தான் போகும்.

அடுத்தது சமையலறை. குழம்பும் சோறும் கொதிக்கும்போது எழும் ஆவி நமக்குத் தெரிகிறது. ஆனால் அடுப்பின் நீலச் சுடரே நீராவியை உண்டாக்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. சமையல் வாயு என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இரண்டிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. அது எரிந்தால் நீர். வேதியியல் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள்: 44 கிராம் புரோப்பேன் எரிந்தால் 72 கிராம் நீர் உண்டாகும், 58 கிராம் பியூட்டேனிலிருந்து 90 கிராம். சராசரியாக ஒரு கிலோ வாயுவுக்கு 1.6 கிலோ நீர். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று 40 நாட்களுக்கு வருகிறது என்றால், நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் நம் அடுப்பிலிருந்தே காற்றில் கலக்கிறது!

இதோடு வெந்நீர்க் குளியல். மழைக் காலத்தில் அறைக்குள் கொடி கட்டி உலர்த்தும் துணிகள். ஒரு வாளித் துணி உலரும்போது இரண்டு லிட்டர் நீர் காற்றுக்குப் போய்விடும். எல்லாம் கூட்டினால் எங்கள் சிறு குடும்பமே நாள்தோறும் ஐந்தாறு லிட்டர் நீரை, அதாவது அரைக் குடம் தண்ணீரை, வீட்டுக் காற்றில் ஊற்றிக்கொண்டிருந்தது. வெளியே போக வழியையும் அடைத்துவிட்டோம்.

பனிமூட்டம் வீட்டை உலர்த்துமா?

இப்போது பெரியவர் சொன்னதற்கு வருவோம். ஜூலை மாத இரவு, வெளியே 12 டிகிரி, முழுப் பனிமூட்டம். ஒப்பு ஈரப்பதம் 100. இதைவிட ஈரமான காற்று ஏது என்று தோன்றும். ஆனால் பட்டியலைப் பாருங்கள். அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 10.7 கிராம் நீராவிதான் இருக்கிறது. உள்ளே இருக்கும் காற்றிலோ 12 கிராமுக்கு மேல். கண்ணுக்கு ஈரமாகத் தெரிகிற வெளிக்காற்றில்தான் நீராவி குறைவு!

அந்த வெளிக்காற்றை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்குவோம். சூடேறும்போது காற்று சற்று விரிவதால் 10.7 என்பது 10.4 கிராம் ஆகும். 20 டிகிரியில் எல்லை 17.3 கிராம். 10.4-ஐ 17.3-ஆல் வகுத்தால் 60 சதவீதம். சற்று முன் வரை நூறு சதவீத ஈரப்பதத்துடன் இருந்த அதே காற்று இப்போது துணி உலர்த்தும் காற்றாகிவிட்டது. பனிமூட்டத்தில் மிதக்கும் நுண்துளிகளும் உள்ளே வருமே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் அடர்ந்த மூட்டத்தில்கூட அவை கன மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவே.

சூடாக்காமல் ஜன்னலை மட்டும் திறந்தால்? வீட்டுக்குள் 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 10.6-ஐ 12.8-ஆல் வகுத்தால் 83 சதவீதம். முன்னைவிடப் பரவாயில்லை; ஆனால் போதாது. சுவரின் மேற்பரப்பில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நீடித்தால் பூஞ்சை வளரும். அதற்கு நீர்த்துளியே தேவையில்லை.

ஜன்னலைத் திறக்காமல் சூடாக்க மட்டும் செய்தால்? அது நான் செய்த தவறு. சூடான காற்றில் நீராவி மேலும் மேலும் சேரும். பனிநிலை ஏறிக்கொண்டே போகும். குளிர்ந்த மூலையில் வந்து படியும்.

ஆகவே இரண்டும் சேர வேண்டும். காற்றோட்டம் நீராவியை வெளியேற்றுகிறது. வெப்பம் சுவரைப் பனிநிலைக்கு மேலே வைத்திருக்கிறது. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் ஓதம் போகாது.

குளிர் வந்துவிடாதா?

'ஜன்னலைத் திறந்தால் சேர்த்து வைத்த சூடெல்லாம் போய்விடுமே!' என்பார்கள் வீட்டில். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உதகையின் உயரத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 0.95 கிலோ. 36 கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 34 கிலோ ஜூல் போதும். ஒரு செங்கல்லின் நிறை 3 கிலோ; அதை ஒரு டிகிரி சூடாக்க 2.5 கிலோ ஜூல் வேண்டும். அப்படியானால் ஓர் அறைக் காற்று முழுவதும் வைத்திருக்கும் வெப்பம் 14 செங்கற்கள் வைத்திருக்கும் வெப்பத்துக்குச் சமம்! அறையின் சுவர்களிலோ ஆயிரக்கணக்கான செங்கற்கள் உள்ளன.

பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்தால் காற்று முழுவதும் மாறிவிடும், சுவர் குளிராது. மூடியதும் சுவரும் தரையும் கட்டிலும் புதுக் காற்றைச் சூடாக்கிவிடும். ஒரு ஜன்னலை நாள் முழுவதும் விரலளவு திறந்து வைத்து, அதைச் சுற்றியுள்ள சுவரைக் குளிர விடுவதைவிட இது மேல்.

அறையின் மேற்புறத்தில் வென்டிலேட்டர் வைத்துக் கட்டினார்களே நம் முன்னோர்கள், அதற்கும் காரணம் உண்டு. சூடான காற்று இலேசானது. நீராவி கலந்தது மேலும் இலேசானது. அது மேலே ஏறித் தானே வெளியேறும். அந்த வென்டிலேட்டரைத் தூசுக்குப் பயந்து நாம் அட்டை வைத்து அடைத்துவிடுகிறோம்.

இதே காரணத்தால் சூடாக்குவதிலும் அவசரம் கூடாது. அரை மணி நேரம் பெரிய நெருப்பு மூட்டினால் காற்று சூடாகும். சுவர் அப்படியே இருக்கும். அறைக்காற்று 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதத்துடன் இருந்தாலும், சுவர் 14 டிகிரியில் இருந்தால் அதன் மேற்பரப்பில் ஈரப்பதம் 88 சதவீதம் ஆகிவிடும். அதே சுவர் 17 டிகிரியில் இருந்தால் 72 சதவீதம்தான். குறைந்த வெப்பம், நீண்ட நேரம் என்பதே முறை.

எந்த நெருப்பு?

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்; வீட்டில் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கரி, விறகுத் தணல், எதுவாக இருந்தாலும் மூடிய அறையில் வைக்கவே கூடாது. பிராணவாயு போதாமல் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகையே இல்லாத சிவந்த தணலிலிருந்தும் அது வரும். நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட நாட்டத்துடன் இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம். பிறகு நினைவு தப்பும். தூங்குகிறவருக்கு இந்த எச்சரிக்கைகள்கூடத் தெரியாது. மலை ஊர்களில் விடுதி அறைக்குள் கரியை மூட்டிப் படுத்து மறுநாள் எழுந்திராதவர்கள் உண்டு. அன்று என் மனைவி தண்ணீர் எடுக்க எழுந்திராவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

புகைபோக்கி இல்லாத வாயு ஹீட்டரும் மண்ணெண்ணெய் அடுப்பும் வேறு விதத்திலும் உதவாதவை. ஒரு கிலோ வாயுவுக்கு 1.6 கிலோ நீர் என்று பார்த்தோம் அல்லவா? ஓதத்தைப் போக்க அதை மூட்டினால் அரைக் குடம் முக்கால் குடமாகும். சரியாகக் காற்று கிடைக்காவிட்டால் அவையும் அதே நச்சு வாயுவைக் கொடுக்கும்.

பழைய மலைப் பங்களாக்களில் கணப்பு உண்டு. நெருப்பு அறையில் இருந்தாலும் புகையும் நீராவியும் புகைபோக்கி வழியாகப் போய்விடும். அதோடு அறைக்காற்றையும் இழுத்து வெளியேற்றும். வெப்பமும் காற்றோட்டமும் ஒன்றாகக் கிடைக்கும் ஏற்பாடு அது. ஆனால் புகைபோக்கியில் அடைப்பு இருந்தால் அதுவும் ஆபத்தே. அப்படிப்பட்ட கணப்பு இல்லாத வீட்டுக்கு மின்சார ஹீட்டரே ஏற்றது. எண்ணெய் நிரப்பிய வகை மெதுவாகச் சூடாகி நெடுநேரம் சூட்டை விடும். துணியை மட்டும் அதன்மேல் போடக் கூடாது.

இது வெறும் கறையா?

சுவரில் கரும்புள்ளி என்றால் சுண்ணாம்பு அடித்து மறைப்பது வழக்கம். ஆனால் பூஞ்சை தன் நுண்வித்துக்களைக் காற்றில் பரப்புகிறது. ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருமல், இழுப்பு, ஆஸ்துமா போன்ற சுவாசக் கோளாறுகள் மிகுதி என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டு நூலில் கூறியுள்ளது.

இங்கிலாந்தில் வாடகைக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் இறந்தது. வீட்டில் நெடுநாள் இருந்த பூஞ்சையால் வந்த சுவாசக் கோளாறே காரணம் என்று 2022-இல் நடந்த மரண விசாரணையில் முடிவாயிற்று. இதனால் 2023-இல் அங்கு ஒரு சட்டமே வந்தது. குடியிருப்பவர் ஓதத்தைப் பற்றிப் புகார் செய்தால் குறித்த காலத்துக்குள் கவனித்தாக வேண்டும் என்கிறது அச்சட்டம். குடியிருப்பவர் ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது. திறக்கத்தக்க ஜன்னலும், நீராவி போக வழியும் வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா?

எல்லா ஓதமும் ஒன்றல்ல

உங்கள் வீட்டுச் சுவர் ஈரம் உள்ளிருந்து படிவதா, சுவருக்குள்ளிருந்து கசிவதா? இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. சுவரைத் துணியால் நன்றாகத் துடைத்து, ஒரு முழம் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளையோ அலுமினியத் தாளையோ வைத்து நான்கு ஓரங்களிலும் நாடா ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அது காற்றிலிருந்து படிந்த நீர்; இந்தக் கட்டுரையில் சொன்ன முறைகள் பயன்படும். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவர் வழியே வருகிறது. கூரை ஒழுகலாம்; குழாய் கசியலாம்; அல்லது தரையிலிருந்து நுண்துளைகள் வழியாக ஏறலாம். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் இடுப்பு உயரத்துக்குள் நின்று, வெள்ளையாக உப்புப் பூத்துக் காட்டும். அதற்குக் கொத்தனாரைத்தான் அழைக்க வேண்டும். ஜன்னலைத் திறப்பதால் பயனில்லை.

இன்னோர் எச்சரிக்கை, சமவெளியில் இருப்பவர்களுக்கு. மலையில் சரியான முறை சென்னையில் தவறாகலாம். நவம்பர் மழைக் காலத்தில் அங்கு வெளிக்காற்று 27 டிகிரியில், 90 சதவீத ஈரப்பதத்துடன் இருந்தால் அதில் கன மீட்டருக்கு 23 கிராம் நீராவி இருக்கும். அதைக் குளிர்சாதனம் ஓடும் 24 டிகிரி அறைக்குள் விட்டால்? 24 டிகிரியில் எல்லையே 21.8 கிராம்தான்! தரையும் சுவரும் வியர்க்கும். எங்கும் பொருந்தும் விதி ஒன்றுதான்: வெளிக்காற்றில் நீராவி குறைவாக இருக்கும்போது திற, மிகுதியாக இருக்கும்போது மூடு. எது குறைவு என்பதை டம்ளரைக் கேட்டால் சொல்லிவிடும்.

நாங்கள் செய்தவை

முதல் வேலையாகக் கரி அடுப்பைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பினேன். இடுக்குகளில் ஒட்டிய தாள்களைக் கிழித்தேன். பிறகு செலவில்லாதவற்றைச் செய்தோம். சமைக்கும் பாத்திரங்களுக்கு மூடி. சமைக்கும்போது சமையலறைக் கதவு மூடி, ஜன்னல் திறந்து. குளித்த பின் குளியலறைக் கதவைச் சாத்தி அதன் ஜன்னலைத் திறப்பது. துணிகளைப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் உலர்த்துவது. பீரோவை மேற்குச் சுவரிலிருந்து உள்சுவருக்கு மாற்றி, நான்கு விரல் இடைவெளி விட்டு வைத்தோம். காலை எழுந்ததும் பத்து நிமிடம், பள்ளி விட்டு வந்ததும் பத்து நிமிடம் எல்லா ஜன்னல்களும் அகலத் திறந்திருக்கும். கண்ணாடியில் படிந்த நீரைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை வெளியே பிழிவோம். உள்ளே உலர விட்டால் அதே நீர் மறுபடி காற்றுக்கு வந்துவிடும்.

செலவானது ஒரு மின்சார ஹீட்டர் மட்டும். அதைக் குறைந்த அளவில் வைத்து மாலை முதல் நெடுநேரம் ஓட விட்டோம். மின் கட்டணம் கூடத்தான் செய்தது. கரும்புள்ளிகளை மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு சோப்பு நீரால் துடைத்தோம்.

மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் மூன்று எண்கள் எழுதினாள்: அறை, டம்ளர், சுவர். ஜூலைத் தொடக்கத்தில் 16, 14, 13. ஆகஸ்டு நடுவில் அதே மூலையில் 19, 13, 16. டம்ளரின் எண்ணைச் சுவரின் எண் தாண்டிவிட்டது! சுவர் உலர்ந்தது, புள்ளிகள் திரும்ப வரவில்லை. மருத்துவர் கொடுத்த மருந்தும் தொடர்ந்தது. இழுப்பு வரும் இரவுகள் குறைந்தன.

பெரியவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, அவர் சொன்னது எப்படிச் சரி என்று கணக்கோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு இவ்வளவு கணக்கா சார்?" என்றார். அவர் பட்டறிவால் கண்டதை எனக்கு எண்கள் சொல்லித்தர வேண்டியிருந்தது. ஆனால் எந்த ஊரில் திறக்க வேண்டும், எந்த ஊரில் மூட வேண்டும் என்பதை அந்த எண்களே சொல்லும்.

இன்று இரவு உங்கள் வீட்டில் ஒரு டம்ளரை எடுங்கள். மூன்று எண்களையும் எழுதிப் பாருங்கள். சுவரின் எண் டம்ளரின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால், உங்கள் வீட்டுச் சுவரும் வியர்க்கப் போகிறது என்று பொருள்.